எடை ஒன்றே அளவாகுமா?
இரைப்பை ரணசிகிச்சைக்குப் பின் முன்னேற்றத்தை அறியும் முறைகள்

உடற்பருமன் மிகுந்தோருக்கு இரைப்பையின் கொள்ளளவைக் குறைக்கும் ரணசிகிச்சை இக்காலத்தில் நம் நாட்டில் பல நகரங்களில் செய்யப்பட்டு வருகிறது. இதில் இரண்டு முறைகள் முக்கியமானவை. ஒன்றில், இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதை ஒரு குழாய்போல் அமைக்கின்றனர். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் செல்லுமாறு வழி மாற்றுகின்றனர். சிகிச்சை பெற்றவர் ஊர் திரும்பியபின் அவரும் உற்றாரும் நாள்தோறும் நோக்குவது எடைக் கருவியையே. எடை இறங்கினால் மகிழ்ச்சி. அசையாது நின்றால் சோர்வு. இந்தக் கணிப்பு இரு வகையிலும் பிழைபடக்கூடும் என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் அவசியம்.

எடைக் கருவி காட்டுவது எலும்பு, தசை, கொழுப்பு, நீர் ஆகிய அனைத்தின் கூட்டுத்தொகையாகும். ஒரு லிட்டர் நீர் அருந்தியவுடன் எடை ஒரு கிலோகிராம் கூடுகிறது. அவர் பருத்துவிட்டார் என்று எவரும் கூறார். உதாரணமாக, இருவர் தலைக்கு 20 கிலோகிராம் குறைந்ததாகக் கொள்வோம். முதல்வர் இழந்ததில் 16 கிலோகிராம் கொழுப்பு. மற்றவர் இழந்ததில் 12 கிலோகிராம் மட்டுமே கொழுப்பு, எஞ்சிய 8 பெரும்பாலும் தசை. கருவியின் கணக்கில் இருவரும் சமம். உடல் நலத்தின் கணக்கில் சமமல்லர். தசையை இழந்தவர் படி ஏறவும் சுமை தூக்கவும் வலுவின்றித் தளர்வார்.

எடையைத் தனியே நோக்கலாகாது என்பதற்கு மைசூரில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் தக்க சான்று பகர்கின்றன. அந்நகரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகிய மூன்றும் குறித்து வைக்கப்பட்டன. அவ்வாறு பிறந்தோரை நடு வயதில் தேடிக் கண்டு ஆராய்ச்சியாளர் பரிசோதித்தனர். பிறந்தபோது நீளம் குறைவாகவும், அந்நீளத்திற்கு எடை மிகுதியாகவும் இருந்தோரிடம் நீரிழிவு அதிகமாகக் காணப்பட்டது. இம்முடிவு 1998இல் வெளியாயிற்று. எடையுடன் நீளத்தையும் அன்று குறித்திராவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

அதே மருத்துவமனையில் 1997-98இல் மற்றோர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தைகளின் எடையோடு, தோலின் மடிப்புக் கனமும் அளக்கப்பட்டது. மைசூர்க் குழந்தைகள் பிரிட்டிஷ் குழந்தைகளைவிட எடையிலும் கைச் சுற்றளவிலும் வெகுவாகக் குறைந்திருந்தனர். ஆயினும் முதுகில் தோளெலும்பின் கீழுள்ள மடிப்பில் வேற்றுமை சொற்பமே. எடை குறைந்த உடலிலும் கொழுப்பு குறையாதிருக்கக்கூடும் என்பது இதனால் தெளிவாகிறது.

பெரியோரிடத்தும் இதே நிலை உண்டு. 2004இல் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற இரு மருத்துவ அறிஞர்கள் தம் உடலையே அளந்து வெளியிட்டனர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

ஆகவே, ரணசிகிச்சைக்குப் பின் எடையுடன் வேறு அளவுகளையும் குறித்துவருதல் வேண்டும். அவற்றுள் எளியது இடுப்பின் சுற்றளவு. கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிற்கும் நடுவே அளவு நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றவேண்டும். இயல்பாக மூச்சை வெளியிட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாதவாறு அளத்தல் முறை. இந்தியரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. எடை மாறாதிருந்தும் இச்சுற்றளவு குறையுமாயின், வயிற்றுக் கொழுப்பு கரைகிறது என்று பெரும்பாலும் கருதலாம்.

இரண்டாவது, தசையின் வலு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் செய்து நேரத்தைக் கணக்கிடலாம். ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் வலு குறைவு என்று கொள்ளப்படும். ஆறு நிமிடங்களில் நடக்கும் தூரத்தையும் மாதந்தோறும் ஒப்பிடலாம்.

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை. குடல் வழி மாற்றிய பலருக்கு, எடை அதிகம் குறையுமுன்னரே, சில நாட்களில் ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. முன்பு உட்கொண்ட மருந்தின் அளவு அப்போது மிகையாகக் கூடுமாதலால், மருத்துவரின் ஆலோசனை உடனே தேவை. மறுபுறம், இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவை உடலில் சேர்வது குறையலாம். இக்குறைகளை எடைக் கருவி காட்டாது. எடை அழகாக இறங்கி வரும் வேளையிலேயே ரத்தசோகை வளரக்கூடும். ஓயாத வாந்தியோ கால்களில் மரமரப்போ தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். வைட்டமின் பி1 குறைவினால் நரம்புகளுக்கு நிலையான கேடு நேரிடலாம்.

அளவுகளைச் சேர்த்து நோக்கும் விதம் வருமாறு. எடை நின்று, இடுப்பு குறைந்து, வலு கூடினால் முன்னேற்றம் தொடர்கிறது. எடை விரைந்து இறங்க, வலுவும் குறைந்தால் புரத உணவும் உடற்பயிற்சியும் போதவில்லையென ஐயுறவேண்டும். எடை, இடுப்பு இரண்டும் ஏறினால் உணவுப் பழக்கத்தை விசாரிக்கவேண்டும். பொதுவாக முதல் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்குப் பின் எடை ஒரு நிலையில் நிற்பது இயல்பே. இதனை முன்கூட்டியே எடுத்துரைத்தால், சிகிச்சை வீணாயிற்றென்று மனமுடைந்து சத்து மாத்திரைகளை நிறுத்திவிடுவதைத் தடுக்கலாம். அம்மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தேவைப்படுபவை.

களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தயாரித்து, ஒரே கருவியால், ஒரே வேளையில், காலை உணவுக்கு முன் எடுத்த அளவுகளைத் தேதியுடன் பதிதல் நலம். ஆசிரியர்கள் வகுப்பில் அளவு நாடாவையும் கடிகாரத்தையும் கொண்டு இதே பாடத்தைச் செய்து காட்டலாம். ஆனால் எந்த மாணவரின் எடையையும் பிறர் அறியப் படித்தலாகாது. ஒருவரை ஓர் எண்ணால் மதிப்பிடலாகாது என்பதே இப்பாடத்தின் கருத்தாகும்.