பினாங்குத் தீவும் ஒரு காப்டனின் தூரிகையும்

புகைப்படக் கலை 1839-இல் உலகறிய வெளிப்படுவதற்கு முன்பு, ஒரு கோட்டையின் அமைப்பையோ துறைமுகத்தின் முகப்பையோ உள்ளது உள்ளபடி வரைந்து காட்டும் திறமை ராணுவ அதிகாரிக்கு அவசியமென்று கருதப்பட்டமையால், இங்கிலாந்தின் உல்விச் ராணுவக் கலாசாலையில் பீரங்கிப் பயிற்சியோடு சித்திரப் பயிற்சியும் அளிக்கப்பட்டு வந்தது. பால் சாண்ட்பி போன்ற பிரசித்தி பெற்ற ஓவியரே அங்கு ஆசிரியராயிருந்தார்.

வங்காளப் பொறியியற் படையைச் சேர்ந்த காப்டன் ராபர்ட் ஸ்மித், பினாங்கில் உத்தியோகம் பார்த்த காலத்தில் தீட்டிய காட்சிகளுள் பத்து, 1821-இல் லண்டனில் அச்சேறின. குன்றின் மேலிருந்து நோக்கும் அவருடைய கண், ஜார்ஜ் டவுன் நகரையும், குறுகிய கடலையும், அப்பால் நீண்டு கிடக்கும் மலாய்க் கரையையும் தூரம் அளந்து பழகியவருக்கே உரிய நிதானத்தோடு வரிசைப்படுத்துகிறது.

அவற்றைச் செப்புத் தகட்டில் ஏற்றியவர் வில்லியம் டேனியல். அவர் கையாண்ட ‘அக்குவாடின்ட்’ முறை விசித்திரமானது. பிசினை மெல்லிய தூளாக்கித் தகட்டின்மேல் படியவிட்டு, இளஞ்சூட்டில் ஒட்டச் செய்வார்கள். வெண்மையாக இருக்கவேண்டிய ஆகாயத்தையும் நீரின் மினுக்கத்தையும் வார்னிஷால் மூடிவிட்டுத் தகட்டைத் திராவகத்தில் அமிழ்த்தினால், பிசின் துகள்களின் இடுக்குகளில் மட்டும் செம்பு அரிக்கப்படும். மங்கலான நிழல் வேண்டிய இடத்தைச் சிறிது நேரத்திலேயே எடுத்து மூடி, மற்றவற்றை மீண்டும் மீண்டும் அமிழ்த்துவதால், மிக நீண்ட நேரம் திராவகத்தில் கிடந்த பகுதியே அச்சில் மிகக் கரியதாகும். மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் தூரத்து மலையின் மூட்டம்கூடப் பதிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பிரதியிலும் கையால் வர்ணம் தீட்டவேண்டும்.

மலைச்சரிவையும் மரத்தையும் பொறுத்தவரையில் ஸ்மித்தைத் தாராளமாக நம்பலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர் வாணிகம் செய்த சூலியாத் தெருவின் சந்தடி, குன்றின்மேல் நிற்பவருடைய செவிக்கு எட்டாது. ஆகவே இவற்றை மட்டும் கொண்டு அக்காலத்து ஜனங்களின் வாழ்க்கையை எழுதப் புகுவது தவறு.

பின்னர் தில்லிக்கு மாற்றலாகிக் குதுப் மினாரைச் செப்பனிட்ட ஸ்மித், அதன் உச்சியில் 1828-இல் எழுப்பிய மண்டபம் ஒவ்வாததென்று 1848-இல் இறக்கப்பட்டு, இன்றும் அவ்வளாகத்தின் புல்தரையில் இருக்கிறது. அவருடைய பினாங்குத் தைலவர்ணச் சித்திரங்கள் சில, அத்தீவின் மாநிலக் காட்சிசாலையிலேயே சேர்ந்துள்ளன.