பயன்பட்டு நிலைத்த மாளிகை

பழைய கட்டடமொன்றை நிலைபெறச் செய்வது அதன் பெருமையா, பயனா? இவ்வினாவுக்குப் பிரான்சு தேசத்து ஷெனோன்சோ மாளிகையின் வரலாற்றில் நாம் விடை காண்கின்றோம்.

ஷேர் நதியின் கரையோரத்தில், அரசாங்க நிதியதிகாரியான தோமா போயியே 1513ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய இம்மாளிகை, அவர் குடும்பத்தாரின் கடனுக்கு ஈடாக 1535இல் அரசுடைமையாயிற்று. 1547இல் இரண்டாம் ஹென்றி மன்னர் இதனைத் தம் காதற்கிழத்தி தியானுக்கு ஈந்தார். அவ்வம்மையார் நதிக்குக் குறுக்கே பாலம் அமைப்பித்தார். 1559இல் மன்னர் இறந்தபின் மாளிகையைக் கைக்கொண்ட அரசி கத்தரீன், அப்பாலத்தின் மீது 60 மீற்றர் நீளமான நடன மண்டபத்தை எழுப்பினார்.

1789இல் புரட்சி மூண்டு, பிரபுக்களின் மாளிகைகள் பல சூறையாடப்பட்டன. ஊரவர் ஆற்றைக் கடப்பதற்கு இப்பாலம் உதவியமையாலேயே ஷெனோன்சோ தப்பிற்று என்பர்.

1913இல் மெனியே குடும்பத்தார் இதனை வாங்கினர். முதலாம் உலகப்போரில் நடன மண்டபம் வைத்தியசாலையாக மாறிற்று. காயமுற்ற போர்வீரர் 2,000 பேருக்கு மேல் ஆங்கே சிகிச்சை பெற்றனர். 1940 முதல் 1942 வரை ஜெர்மானியர் கைப்பற்றிய பகுதிக்கு ஷேர் நதியே எல்லையாயிருந்தது. அக்காலத்தில் மண்டபத்தின் தென்வாயில் வழியே பலர் மறுகரைக்குத் தப்பிச் சென்றனர்.

1940ஆம் ஆண்டு வெள்ளத்தாற் சிதைந்த பூங்காக்களையும், நலிவுற்றிருந்த மாளிகையையும் சீர்செய்யும் பொறுப்பு 1951இல் பேர்னார் வுவாசென் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியின் பயனாக, இன்று ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் இதனைக் கண்டு செல்கின்றனர்.

பூட்டிவைத்த வீடு கறையானுக்கு இரையாகும். பழைய மண்டபங்களைப் போற்ற விழையும் நாம், சுவரைச் செப்பனிடுவதோடு அமையாது, அதனுள்ளே மனிதர்க்கு உதவும் பணியொன்றையும் நிலைபெறச் செய்தல் வேண்டும்.