கப்பல் ஏறாத எவ்லின்

"கதை நன்றாகத்தான் இருக்கிறது, முடிவு எங்கே?"

ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'டப்ளினர்கள்' சிறுகதைத் தொகுப்பைப் படித்துவிட்டு மூடும் தமிழ் வாசகர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இதுதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தொகுப்பின் மூன்றாவது கதையில் ஒரு சிறுவன், தன் மனத்துக்குப் பிடித்த பெண்ணுக்குப் பரிசு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, சந்தைக்குக் கிளம்பக் காத்திருக்கிறான். காசு தரவேண்டிய மாமா இரவு நேரம் கழித்து வீடு வருகிறார். சிறுவன் போய்ச் சேரும்போது கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றும் வாங்கவில்லை. விளக்குகள் அணைகின்றன. கதையும் முடிந்துவிடுகிறது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் அவன் என்ன சொன்னான் என்பது கதையில் இல்லை.

இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். இருட்டில் நிற்கும் அந்தச் சிறுவன் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அந்த ஒரு கணத்துக்காகவே முழுக் கதையும் எழுதப்பட்டிருக்கிறது. சாதாரணப் பொருளோ பேச்சோ திடீரென ஓர் உண்மையைக் காட்டிவிடும் இத்தகைய கணத்தைக் குறிக்க, கிறிஸ்தவ வழிபாட்டிலிருந்து 'எபிஃபனி' என்னும் சொல்லை ஜாய்ஸ் எடுத்துக்கொண்டார். 'வெளிப்பாடு' என்று தமிழில் சொல்லலாம்.

சரி, அயர்லாந்து தலைநகரத்து மனிதர்களின் கதை திரிங்காப்பில் இருப்பவருக்கு எதற்கு? ஒருபுறம் சுங்கை பாலாஸ், மறுபுறம் புளூவேலி என்று தேயிலை மலைகளுக்கு நடுவே, காய்கறித் தோட்டங்களோடு கிடக்கும் சிற்றூர் அது. டப்ளினோ துறைமுக நகரம். ஆனால் ஜாய்ஸ் காட்டும் டப்ளின், பெயருக்குத்தான் நகரம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் வீட்டில் யார் குடிக்கிறார், யார் மகள் யாரோடு பேசினாள் என்பது பொழுது சாயுமுன் தெருவெங்கும் பரவிவிடும். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தொகுப்பில் மொத்தம் 15 கதைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கருத்தை ஜாய்ஸ் ஒரே சொல்லில் சொன்னார்: முடக்குவாதம். முதல் கதையின் முதல் பத்தியிலேயே இந்தச் சொல் வருகிறது. அங்கே அது ஒரு பாதிரியாரைத் தாக்கிய நோய். கதைகள் போகப் போக அது ஊரின் நோயாகிறது. போக நினைக்கிறார்கள், முடிவதில்லை. பேச நினைக்கிறார்கள், வாய் வருவதில்லை.

இதற்கு ஆகச் சிறந்த சான்று 'எவ்லின்'. நாலைந்து பக்கக் கதைதான். எவ்லினுக்கு வயது 19. தாய் இறந்துவிட்டாள். தந்தை முரடர். கடையில் வேலை செய்து பெறும் வாரச் சம்பளம் 7 ஷில்லிங்கையும் அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவரிடமே மன்றாட வேண்டும். பிராங்க் என்னும் கப்பல்காரன் அவளை மணந்து தென்னமெரிக்காவின் புவெனஸ் ஐரிசுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். அன்றிரவு கப்பல். அவள் சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள்.

கதையின் பெரும்பகுதி இந்தச் சன்னலோரத்திலேயே நடக்கிறது. ஆசிரியர்தான் சொல்கிறார், 'அவள்' என்றுதான் சொல்கிறார். ஆனால் சொற்களோ எவ்லினுடையவை. அவள் தயங்கும் இடத்தில் வாக்கியமும் தயங்குகிறது. அடித்த தந்தையைப் பற்றி நினைத்துக்கொண்டே இருந்தவள், அவர் ஒருநாள் அன்பாக நடந்துகொண்டதை நினைத்துக்கொள்கிறாள். ஆசிரியர் அதைத் திருத்துவதில்லை. 'பாவம், ஏமாளிப் பெண்' என்று நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவதும் இல்லை. படர்க்கையில் இருந்துகொண்டே பாத்திரத்தின் மனக்குரலில் பேசும் இந்த உத்திதான் தொகுப்பின் உயிர்நாடி.

சுவரில் மஞ்சள் பூத்த ஒரு பாதிரியாரின் புகைப்படம். அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வருவோரிடம் அதைக் காட்டும்போது, இப்போது மெல்பர்னில் இருக்கிறார் என்று தந்தை சொல்வார். போனவர்கள் புகைப்படமாக மட்டும் மிஞ்சும் ஊர் அது. 1841இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, பஞ்சத்தாலும் கப்பல் பயணத்தாலும் 1911இல் ஏறத்தாழ 44 லட்சமாகச் சுருங்கியிருந்தது. அந்த ஒரு படத்துக்குப் பின்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள்.

பிறகு கதையில் ஓர் இடைவெளி. சன்னலிலிருந்து எழுந்தவள் அடுத்த வரியில் துறைமுகக் கூட்டத்தில் நிற்கிறாள். வீட்டை விட்டு எப்படி வந்தாள், தந்தையிடம் என்ன சொன்னாள், எதுவும் இல்லை. கப்பல் ஊதுகிறது. பிராங்க் கூப்பிடுகிறான். அவள் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள். முகத்தில் அன்பும் இல்லை, விடைபெறும் குறிப்பும் இல்லை.

பிராங்க் நல்லவன்தானா என்று விமர்சகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவன் சொன்னதெல்லாம் புளுகு என்போர் உண்டு. அந்த வாதம் சுவையானது, ஆனால் கதைக்கு அவசியமில்லை. அவள் நின்றுவிட்டாள் என்பதுதான் கதை.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் கதை மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. அதே துறைமுகம் வரை வந்து, ஏறாமல் திரும்பியவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களைப் பற்றி யாரிடமும் கதை இல்லை. ஜாய்ஸ் எழுதியது அந்தக் கதையைத்தான்.

அடுத்து 'இணைகள்' என்னும் கதை. குடிகாரத் தந்தை பற்றிய கதை மலேசியத் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. கள்ளுக்கடையும் சம்சுவும் தோட்டக் குடும்பங்களைச் சிதைத்ததைச் சொல்லும் கதைகளில், கடைசிப் பத்தியில் அப்பா திருந்திவிடுவார், அல்லது செத்துப்போவார். ஜாய்சின் பாரிங்டன் இரண்டும் செய்வதில்லை. அலுவலகத்தில் பத்திரங்களைப் படியெடுக்கும் எழுத்தர் அவன். மேலதிகாரி எல்லார் முன்னும் திட்டுகிறார். கடிகாரத்தை 6 ஷில்லிங்குக்கு அடகு வைத்துக் குடிக்கிறான். மதுக்கடையில் கைமல்லுக்கட்டில் ஓர் இளைஞனிடம் தோற்கிறான். வீட்டுக்கு வந்து, அடுப்பு அணைந்துவிட்டது என்பதைச் சாக்காக வைத்து மகனைப் பிரம்பால் அடிக்கிறான். 'உங்களுக்காக ஜெபம் சொல்கிறேன் அப்பா' என்று அந்தப் பையன் கெஞ்சுவதோடு கதை நிற்கிறது.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அலுவலகக் காட்சியில் ஆசிரியர் அவனைப் பெரும்பாலும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, 'அந்த ஆள்' என்கிறார். மதுக்கடையில் நண்பர்களோடு இருக்கும்போதுதான் 'பாரிங்டன்' ஆகிறான். வீட்டுக்குத் திரும்பும்போது மறுபடியும் 'ஆள்'. வேலையிடத்திலும் வீட்டிலும் பெயரிழந்தவனுக்குக் குடிக்கும் இடத்தில் மட்டும் பெயர் இருக்கிறது. கிராணியிடம் ஏச்சு வாங்கிவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போனவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவன் செய்ததை ஜாய்ஸ் நியாயப்படுத்தவில்லை. பிரம்படி விழும் ஓசையைத்தான் கடைசியில் கேட்கவைக்கிறார்.

கதைகளின் வரிசையும் யோசித்து அமைத்ததே. குழந்தைப் பருவம், இளமை, முதிர்ச்சி, பொதுவாழ்வு என்று போகிறது. முதல் மூன்று கதைகளையும் சிறுவனே 'நான்' என்று சொல்கிறான். அதற்குப் பிறகு 'நான்' மறைந்துவிடுகிறது.

இந்தத் தொகுப்பு அச்சேறிய கதை தனிக் கதை. 1905இல் லண்டன் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்சுக்கு 12 கதைகள் போயின. அவர் முதலில் ஏற்றுக்கொண்டார், பிறகு பின்வாங்கினார். ஒரு வசைச்சொல்லும், மன்னரைப் பற்றிய பேச்சும், மதுக்கடைகளின் உண்மைப் பெயர்களும் பதிப்பாளர்களையும் அச்சகத்தாரையும் கலங்க வைத்தன. 1909இல் டப்ளின் பதிப்பகம் ஒன்று ஒப்பந்தம் செய்தது. 1912இல் அச்சடித்த தாள்களை அச்சகமே அழித்துவிட்டது. அப்போது ஊரை விட்டுக் கிளம்பிய ஜாய்ஸ், 1941இல் இறக்கும்வரை டப்ளினுக்குத் திரும்பவில்லை. கடைசியில் 1914இல் அதே ரிச்சர்ட்சே வெளியிட்டார். முதல் 500 பிரதிகளுக்கு உரிமைத்தொகை கிடையாது, ஆசிரியரே 120 பிரதிகளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம்! பெயர்களை மாற்றியிருந்தால் எட்டொன்பது ஆண்டு அலைச்சல் குறைந்திருக்கலாம். ஆனால் தெருவின் பெயரும் கடையின் பெயரும் பொய்யானால் மனிதர்களும் பொய்யாகிவிடுவார்கள் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

தமிழில் இதற்கு நெருங்கிய துணை புதுமைப்பித்தன். பெருநகரச் சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரன் சாவதைக் குழந்தையின் கண்வழியே காட்டும் 'மகாமசானம்', எந்த டப்ளின் கதைக்கும் குறைந்ததல்ல. ஆனால் 'பொன்னகர'த்தின் இறுதியில் அவர் வாசகரின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிடுகிறார். திருநெல்வேலிக் கிராமத்துப் பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லும் 'துன்பக்கேணி'யிலும் ஆசிரியரின் கோபம் வெளிப்படையாகவே கொதிக்கிறது. ஜாய்சிடம் கோபம் இல்லாமல் இல்லை, அவர் குரலை உயர்த்துவதில்லை. இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, தேயிலை மலை அனுபவத்தை எழுத வருபவருக்கு இரண்டு வழிகளும் தெரிந்திருப்பது நல்லது.

கடைசிக் கதை 'இறந்தவர்கள்', 1907இல் எழுதப்பட்டது. விருந்து முடிந்து விடுதிக்குத் திரும்பிய கேப்ரியல், தன் மனைவி இளமையில் ஒரு பையனை நேசித்ததையும், 17 வயதில் அவன் இறந்துபோனதையும் முதன்முறையாகக் கேட்கிறான். அவள் அழுது தூங்கிவிடுகிறாள். அவன் சன்னலைப் பார்க்கிறான். வெளியே நாடு முழுவதும், உயிரோடிருப்போர் மீதும் கல்லறைகள் மீதும், பனி ஒரே மாதிரி விழுந்துகொண்டிருக்கிறது.

புதிதாகப் படிப்பவர் முதல் கதையிலிருந்து தொடங்க வேண்டாம். அது சற்று இறுக்கமானது. 'எவ்லி'னை ஒரு மாலையில் படிக்கலாம், மறுநாள் 'இணைகள்'. 'இறந்தவர்க'ளை மட்டும் அவசரப்பட்டுத் தொட வேண்டாம். மலையில் மூடுபனி இறங்கி, எதிர் லயத்து விளக்கும் தெரியாமல் போகும் ஓர் இரவு கிடைத்தால், அதற்கு வைத்துக்கொள்ளலாம்.