ஏற்றத்தில் திணறும் காருக்கு முதலில் பிளக் வயரைப் பாருங்கள்

பெரகலைச் சந்தியில் இருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியில் பழைய பெற்றோல் கார் ஒன்று இழுவை இல்லாமல் விட்டு விட்டு உதறினால், பண்டாரவளை கராஜில் போய் நிற்பதற்குள் பழி கார்பரேட்டர் மேல் விழுந்துவிடும். ‘பெற்றோலில் தண்ணி கலந்திருக்கு’, ‘ஜெட் அடைச்சிருக்கு’ என்பார்கள். கழற்றிக் கழுவிப் பூட்டிச் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் கார் நன்றாகவே ஓடும். அடுத்த ஏற்றத்தில் மறுபடி உதறும். ஊவா மலைகளில் ஏற்றத்தில் மட்டும் உதறும் பழைய காரில் முதல் சந்தேகம் பிளக் வயர் மேல்தான் விழவேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது. வயர் பழையது என்றால் நான்கையும், கொயிலில் இருந்து வரும் ஐந்தாவதையும் சேர்த்து, ஒரே செட்டாக மாற்றிவிட வேண்டும்.

எம்ஜி மிட்ஜெட், ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஆகிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொள்வோம். 1958இல் வந்த ஸ்பிரைட்டிலும் 1961இல் வந்த மிட்ஜெட்டிலும் இருப்பது பிஎம்சி நிறுவனத்தின் ஏ-சீரீஸ் எஞ்சின். நம் வீதிகளில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனரில் 1952க்குப் பிறகு வந்ததும், பழைய மினியில் இருப்பதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஆகவே பதுளையில் மைனர் வைத்திருப்பவரும் இதைத் தன் காருக்கென்றே வாசிக்கலாம்.

ஏற்றத்தில் அக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கிறோம். சிலிண்டருக்குள் நிறையக் காற்றும் பெற்றோலும் போகின்றன. பிஸ்டன் அதை நெருக்கும்போது அழுத்தம் மிக உயர்கிறது. இந்த எஞ்சின்களில் பிளக் முனைகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீட்டர். கார் சும்மா நின்று ஓடும்போது இந்தச் சிறு இடைவெளியைச் சில ஆயிரம் வோல்ட்டில் தாண்டிவிடும் பொறி, அழுத்தம் கூடிய காற்றைத் தாண்டுவதற்குப் பத்தாயிரத்துக்கும் மேலே கேட்கிறது. பொறி பாயும்வரை கொயில் வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். போகும் வழியில் வயரின் உறையில் ஒரு மயிர்க்கீறல் இருந்து, அந்த இடம் எஞ்சின் இரும்பை ஒட்டிக் கிடந்தால், சிலிண்டருக்குள் தாண்டுவதைவிட வெளியே இரும்பில் பாய்வது மின்சாரத்துக்குச் சுலபம். அந்த முறை அந்தச் சிலிண்டர் எரியாது. சமதரையில் இதே வயர் இதே கீறலோடு ஒழுங்காக வேலை செய்வதற்குக் காரணம், அங்கே அத்தனை வோல்ட்டேஜ் தேவைப்படுவதில்லை. பெற்றோல் வரத்துக் குறைந்தால் காரின் பலம் மெல்ல மெல்ல இறங்கும், சிறிது நேரம் இறங்கியபடியே இருக்கும். வயர் கசிந்தால் வெட்டி வெட்டி இழுக்கும், காலை எடுத்தவுடன் சரியாகிவிடும், மழைநாளில் மோசமாகும். கராஜுக்குப் போகுமுன் ஓட்டுபவரே கவனிக்கக்கூடிய வேறுபாடு இது.

மலை இதற்கு மேலும் இரண்டு சுமைகளை ஏற்றுகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் பெய்யும் மழையும் அப்புத்தளைக் கணவாயில் ஏறி இறங்கும் பனிமூட்டமும் பொனட்டுக்குள் ஈரத்தைப் படியவைக்கின்றன. சுத்தமான இறப்பரில் படியும் ஈரத்தால் பெரிய தீங்கில்லை. எண்ணெயும் வீதித் தூசியும் ஏறிய கீறலில் படியும் ஈரமோ மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. பிறகு ஆடி, ஆவணியில் கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித்தரும் அதே வறண்ட காற்றுக்காலத்தில், எஞ்சின் சூட்டில் ஏற்கெனவே இறுகிப்போன உறை காய்ந்து வெடிக்கிறது. உள்ளிருந்தும் ஒரு எதிரி உண்டு. உயர் வோல்ட்டேஜ் ஓடும் வயரைச் சுற்றிய காற்றில் ஓசோன் உண்டாகும். மொனராகலைத் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை இறப்பரை ஓசோன் மிக விரைவாக வெடிக்கவைக்கும். பழைய வயர்களின் உறை பெரும்பாலும் அந்த இறப்பர்தான். சிலிக்கன் உறை அதைத் தாங்கும்.

விபரம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் அப்புத்தளையில் காற்றழுத்தம் கொழும்பைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. அப்படியானால் சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் குறைந்து வோல்ட்டேஜ் தேவை இறங்கத்தானே வேண்டும்? இறங்கத்தான் செய்கிறது. ஆனால் காற்று மெலிந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும் சக்தியும் அதே அளவில் குறைகிறது. உள்ளே பொறி தாண்டுவது எவ்வளவு சுலபமாகிறதோ, கீறல் வழியாக வெளியே கசிவதும் அவ்வளவு சுலபமாகிறது. உயரத்தால் கிடைத்த சலுகை அங்கேயே கழிந்துவிடுகிறது, மிதித்த அக்சிலேட்டரின் சுமைதான் மிச்சம்.

இதைவிட வலுவான மறுப்பு, பழைய காருக்குச் செப்புக் கம்பி வயர்தான் அசல் என்பது. கார்பன் ஊட்டிய நூல் உள்ளே ஓடும் வயரைப் பார்த்து ‘இது கார்க்காரனை ஏமாத்துற சாமான்’ என்று முகம் சுளிக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு. பல பழைய லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகளில் வயரைப் பக்கவாட்டில் செருகி, கூர்முனை ஆணி ஒன்றை உறைக்குள் இறக்கிப் பிடிப்பார்கள். செப்பில் இறங்கும் ஆணி உறுதியாகப் பிடிக்கும். கார்பன் நூலில் இறங்கினால் தொடுப்புத் தளர்ந்து, அந்த இடத்திலேயே நூல் கருகி அறுந்துபோகும். இந்த மூடி உள்ள காரில் செப்பு வயரே சரி. ஆனால் தடையே இல்லாமல் ஓட்டுவதுதான் அசல் என்பது தவறு. றேடியோவில் இரைச்சல் வருகிறது என்பதற்காகப் பிரித்தானியா 1952லேயே வாகன இக்னிஷனுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பின் அங்கே தயாரான கார்களில் வயரிலோ, பிளக் தொப்பியிலோ, எங்கோ ஒரு தடை இருந்தே வந்தது. அதனால் செப்பு வயர் போடுகிறவர் தடையுள்ள தொப்பியோ பிளக்கோ சேர்க்க வேண்டும். என்ஜிகே பிளக்கில் பிபி6இஎஸ் என்பதற்குப் பதிலாக, நடுவே ஓர் ஆர் சேர்ந்த பிபிஆர்6இஎஸ் என்று பார்த்து வாங்கினால் போதும். பொயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரோனிக் மொடியூல் பூட்டிய காரில் இது கட்டாயம். தடையில்லாத வயர் கிளப்பும் அலை அந்த மொடியூலையே குழப்பிவிடும்.

காசு விடயத்தை எளிதாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது. வெளிநாட்டுச் சாமான் ஒவ்வொன்றும் கைக்கு எட்டாமல் போன அந்த நாட்களில், வெடித்த வயருக்கு டேப் சுற்றி ஓட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. கெட்ட ஒன்றை மட்டும் மாற்றலாமே என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஐந்தும் ஒரே வயது, ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்று வெடித்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன. அறுந்த வயரோடு ஓட்டினால், போக வழியில்லாத வோல்ட்டேஜ் கொயிலின் உட்காப்பைத் துளைக்கும், மூடியின் உள்ளே கரிக்கோடு இழுக்கும். கொயிலும் மூடியும் பஞ்சிகாவத்தையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு வயர் செட்டின் விலையைக் கேளுங்கள். உண்மையிலேயே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கொயில் வயரை மாற்றுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயரிலும் 1,500 பொறி போகிறது. கொயில் வயரில் 6,000.

வாங்குமுன் சோதித்துப் பார்ப்பது நியாயம். வயரைக் கழற்றி இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து, வளைத்தும் முறுக்கியும் பாருங்கள். கார்பன் வயரில் ஒரு மீற்றருக்குப் பத்தாயிரம் ஓம்மைத் தாண்டுவது சாதாரணம், ஆனால் வளைக்கும்போது எண் துள்ளினால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. உறையின் கசிவை மீட்டர் காட்டாது. இருட்டிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, கையை விலக்கி வைத்துக்கொண்டு, வயர்கள் மேல் தண்ணீரைப் பூவாகத் தெளித்தால் கசியும் இடம் நீலமாக மினுங்கும்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நீளத்துப் புதியதை அதே இடத்தில் போடுங்கள். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியைப் பிடித்து முறுக்கி எடுக்க வேண்டும். நான்கையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால் 1-3-4-2 என்ற வரிசையை, டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதை நினைவில் வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டிவரும். வயர்களை அழகாக ஒன்றாகக் கட்டிவைப்பது பலருக்குப் பழக்கம். இங்கே அது ஆபத்து. மூன்றாவது சிலிண்டர் எரிந்தவுடன் அடுத்த முறை நான்காவதுக்கு. மூன்றின் வயரில் வோல்ட்டேஜ் பாயும்போது ஒட்டிக் கிடக்கும் நான்கின் வயரிலும் அது தூண்டப்படும். அந்நேரம் நான்காவது சிலிண்டர் காற்றும் பெற்றோலும் நிரம்பி, இன்னும் நெருக்கப்படாமல் இருக்கும். அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிகம் வேண்டியதில்லை; பிஸ்டன் ஏறத் தொடங்கும்போதே எரிந்து எஞ்சினை உதைக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இதே உறவுதான். இந்தச் சோடிகளைப் பிளாஸ்டிக் கவ்விகளால் விரலளவாவது விலக்கி, புகைக்குழாயின் சூட்டுக்கு எட்டாமல் ஓடவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் பெரகலை ஏற்றத்தில் கார் அதே மாதிரி உதறினால் அடுத்துக் கழற்ற வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும். அவற்றை வரும் வாரம் பார்ப்போம். கார்பரேட்டர் அதுவரை பொறுத்திருக்கட்டும்.