புள்ளியை லேசர் வைக்கட்டும், கோலத்தை நீங்க போடுங்க



லேசர் கட்டிங்னு சொன்னதும் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரோபோ பாடி. இன்னொண்ணு, கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற பேர் வெட்டின அக்ரிலிக் போர்டு. ரெண்டுலயும் முழுப் பொருளையும் மெஷினே செஞ்சு கொடுத்துடுது. நமக்கு அதுல காசு கொடுக்கிற வேலை மட்டும்தான்.

வீட்டு வேலைக்கு லேசரைப் பயன்படுத்தணும்னா கொஞ்சம் வேற மாதிரி யோசிக்கணும். அளவு தப்பவே கூடாத ஒரு சின்னத் துண்டை மட்டும் மெஷின்கிட்ட விடுங்க. மீதியை வீட்டுல இருக்கிற ட்ரில்லும் ரம்பமும் உங்க கையும் பார்த்துக்கும். செலவும் குறையும், வேலையும் உங்களோடதா இருக்கும். அது எப்படின்னு மூணு உதாரணத்தோட பார்ப்போம்.

கோலத்துல இருந்து ஆரம்பிப்போம்

சிக்குக் கோலத்தை ஸ்டென்சிலா வெட்ட முடியுமா? கோடு புள்ளிகளைச் சுத்தி வளைஞ்சு வந்து மூடிக்கும். அந்தக் கோட்டை அப்படியே வெட்டினா, உள்ள இருக்கிற துண்டு எல்லாம் பிடிமானம் இல்லாம கீழ விழுந்துடும். 0, 8 மாதிரி எண்களை வெட்டும்போதும் இதே பிரச்சினைதான். உள்துண்டைத் தாங்க அங்கங்க சின்னச் சின்னப் பாலம் விடணும். பாலம் விட்டா கோடு துண்டு துண்டா தெரியும். சிக்குக் கோலத்தோட அழகே அதுல போயிடும்.

கோட்டை விட்டுடுங்க, புள்ளியை மட்டும் வெட்டுங்க. 9 வரிசை, வரிசைக்கு 9 புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 40 மி.மீ. இடைவெளி, துளை 6 மி.மீ. டிராயிங் அவ்வளவுதான். 400 மி.மீ. சதுரத்துல அடங்கிடும். மேல மாவைத் தூவி, பலகையைத் தூக்கினா 81 புள்ளி நேரா நிக்கும். கோட்டை நீங்க இழுங்க. தண்ணி தெளிச்ச வாசல்ல எம்.டி.எஃப். பலகை ஊறிடும், அதனால இதுக்கு 3 மி.மீ. அக்ரிலிக்தான் சரி.

லேசரை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துற முறையே இதுதான். டெம்ப்ளேட்னா புள்ளி மாதிரி. அது கைக்கு வழி காட்டும், கையோட வேலையைப் பிடுங்கிக்காது.

ரெண்டு லேசர், ரெண்டு கடை

அக்ரிலிக், எம்.டி.எஃப்., பிளைவுட் வெட்டுற மெஷின்ல இருக்கிறது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல இதைக் கண்டுபிடிச்சவர் குமார் பட்டேல். மகாராஷ்டிராவுல பாராமதியில பிறந்து, புனே இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர். நம்மள மாதிரி ஒரு பி.இ. ஸ்டூடன்ட்டா இருந்தவர்தான். அந்த ஒளியோட அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரமும் அக்ரிலிக்கும் அதை நல்லா உறிஞ்சிக்கும். லென்ஸ் அதை ஒரு ஊசிமுனை அளவுக்குக் குவிக்கும்போது அந்த இடம் ஆவியாகிடுது.

இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு வந்தா ஃபைபர் லேசர் வேணும். அதோட அலைநீளம் ஏறக்குறைய 1 மைக்ரான்தான். உலோகம் இதை நல்லா உறிஞ்சும். லேசரோட சேர்த்து ஆக்சிஜனையும் ஊதினா இரும்புத் தகட்டை வெட்டலாம்னு 1967-லயே இங்கிலாந்துல பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் செஞ்சு காட்டிட்டார். இன்னைக்கும் மெஷின் தலையில ஒரு கேஸ் நாசில் இருக்கிறதைப் பார்க்கலாம்.

நடைமுறையில இதுக்கு என்ன அர்த்தம்? போர்டு, ஷீல்டு, கிஃப்ட் செய்யற கடையில முதல் வகை மெஷின் இருக்கும். ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் ஷெட்டுல ரெண்டாவது வகை இருக்கும். அக்ரிலிக்கைத் தூக்கிட்டு ஷீட் மெட்டல் ஷெட்டுக்குப் போனா சும்மா திரும்பி வரணும்.

கெர்ஃப்: இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது

ரம்பம் மரத்தை அறுக்கும்போது கொஞ்சம் மரத்தைத் தூளாக்கித் தின்னுடும் இல்லையா? லேசரும் அப்படித்தான். அது தின்னுற அகலத்துக்குப் பேர் கெர்ஃப். 3 மி.மீ. அக்ரிலிக்லயோ எம்.டி.எஃப்.லயோ சாதாரணமா 0.1-ல இருந்து 0.2 மி.மீ. வரைக்கும் வரும்.

மெஷின் நீங்க போட்ட கோட்டு மேலயே நடக்கும். அதனால ரெண்டு பக்கமும் பாதிப் பாதி போகும். கெர்ஃப் 0.2 மி.மீ.னு வைங்க. 50 மி.மீ.னு வரைஞ்ச சதுரம் 49.8 ஆகிடும். 6 மி.மீ.னு வரைஞ்ச துளை 6.2 ஆகிடும். வெளி அளவு சுருங்கும், உள் அளவு விரியும். இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்குங்க.

அடுத்தது ஷீட்டோட தடிமன். 3 மி.மீ.னு சொல்லி விக்கிற ஷீட் 2.7-ஆவும் இருக்கும், 3.2-ஆவும் இருக்கும். ஒரு துண்டோட நாக்கு இன்னொரு துண்டோட பள்ளத்துல போய் உட்காரணும்னா, ஃபர்ஸ்ட் இயர் லேப்ல பார்த்த வெர்னியரை எடுத்து உண்மையான தடிமனை அளந்துட்டு வரையுங்க. இன்னும் நல்ல வழி, 2.6, 2.8, 3.0, 3.2-னு பள்ளம் வெட்டின ஒரு சின்னச் சீப்பை முதல்ல வெட்டிப் பார்க்கிறது. எதுல இறுக்கமா உட்காருதோ அதுதான் உங்க அளவு.

ஆயாவுக்கு ஒரு கைப்பிடி

இப்போ முக்கியமான வேலைக்கு வருவோம். வயசானவங்க இருக்கிற வீட்டுல பாத்ரூம் சுவர்ல ஒரு ஸ்டீல் கைப்பிடி இருந்தா அவங்க வழுக்கி விழறதைத் தடுக்கலாம். கடையில கைப்பிடி கிடைக்கும். ஆனா பல வீடுகள்ல அது கவரோடவே பீரோ மேல கிடக்குது. காரணம் பயம். டைல்ஸ் மேல ட்ரில் பிட் வச்சா வழுக்கும், துளை தள்ளிப் போகும், டைல்ஸ் விரிசல் விட்டா அதே டிசைன் இப்போ எங்க கிடைக்கும்?

இந்தப் பயத்துக்கு மருந்து ஒரு அக்ரிலிக் டெம்ப்ளேட்.

முதல்ல இடம். உயரத்தை நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆயாவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்க. கை தானா சுவர்ல எங்க போகுதோ அங்க ஒரு டேப்பை ஒட்டுங்க. குழாய், கீசர், ஷவர் இதுக்கு நேர் மேலயும் கீழயும் சுவருக்குள்ள பைப் ஓடலாம், அந்தக் கோட்டைத் தவிர்த்துடுங்க.

அடுத்து அளவு. சாதாரணமா கைப்பிடியோட ரெண்டு முனையிலயும் வட்டத் தட்டு இருக்கும், ஒவ்வொண்ணுலயும் 3 துளை, மொத்தம் 6. துளையோட மையத்தைக் கண்ணால பிடிக்க முடியாது. அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. ரெண்டு துளைகளோட உள் ஓரத்துக்கு உள் ஓரம் அளங்க, வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளங்க. ரெண்டையும் கூட்டி 2-ஆல வகுத்தா மையத்துக்கு மையம் தூரம் கிடைச்சிடும்.

வரையும்போது 6 துளையையும் 6 மி.மீ.க்குப் போடுங்க. கெர்ஃப் சேர்ந்து 6.2 வரும், 6 மி.மீ. பிட் சிக்காம உள்ள போகும். இங்க கெர்ஃப் நமக்கு உதவிதான் பண்ணுது. நடுவுல ஒரு நேர்க்கோடும் போட்டு, அதை வெட்டாம கீறி மட்டும் கொடுக்கச் சொல்லுங்க. ரசமட்டம் வைக்க அந்தக் கோடு வேணும்.

இனி சுவர் வேலை. டெம்ப்ளேட்டை மாஸ்கிங் டேப்பால ஒட்டி, ரசமட்டம் வச்சுப் பாருங்க. டைல்ஸ் பிட் மாட்டி, ஹேமர் மோடை ஆஃப் பண்ணி, மெதுவா ஆரம்பிங்க. பிட் பளபளப்பைத் தாண்டி உள்ள இறங்கினதும் டெம்ப்ளேட்டை எடுத்துடலாம், இனி பிட் வழுக்காது. டைல்ஸைத் தாண்டி செங்கல் வந்த பிறகுதான் கான்கிரீட் பிட்டும் ஹேமர் மோடும். பிளக் பெருசா இருந்தா இந்தத் துளையையே அதோட அளவுக்குப் பெருசாக்கிக்கலாம். ரால் பிளக் முழுசா டைல்ஸைத் தாண்டிச் செங்கலுக்குள்ள உட்காரணும். டைல்ஸுக்குள்ளயே விரிஞ்சா டைல்ஸ் உடையும். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கட்டும். ஹாலோ பிளாக் சுவர்ல சாதாரண பிளக் பிடிக்காது, கொத்தனாரைக் கேட்டுட்டுச் செய்ங்க. எல்லாம் முடிஞ்சதும் உங்க முழு வெயிட்டையும் போட்டு இழுத்துப் பாருங்க. அதுக்கப்புறம்தான் ஆயாவைக் கூப்பிடணும்.

ஏரிக்கரை வீட்டுக்குக் கொசுவலை

சோழவரம் ஏரிப் பக்கம் வாடகைக்கு இருக்கிறவங்களுக்குக் கொசுவைப் பத்திச் சொல்லவே வேணாம். வாடகை வீட்டு ஜன்னல்ல ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார். அதனால கழட்டி மாட்டுற ஃப்ரேம்தான் வழி.

நாலு ரீப்பர் கட்டையை ரம்பத்தால அறுத்துடலாம். கஷ்டம் மூலையிலதான். 90 டிகிரி வராம ஃப்ரேம் கோணிக்கும். அந்த நாலு மூலைக்கு மட்டும் எல் வடிவத்துல 3 மி.மீ. அக்ரிலிக் துண்டு வெட்டிக்குங்க. ஒவ்வொரு கையும் 75 மி.மீ. நீளம், ரீப்பரோட அகலம், ஸ்க்ரூவுக்கு 4 மி.மீ. துளை. உள் மூலையைக் கூர்மையா விடாம 5 மி.மீ. வளைவு கொடுங்க. மெஷின் டிசைன் பேப்பர்ல படிச்ச ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் இதுதான், கூர் மூலையில இருந்துதான் விரிசல் கிளம்பும். ஸ்க்ரூவையும் அளவா முறுக்குங்க.

ஜன்னலோட ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்க. சமமா இல்லன்னா ஜன்னலே கோணல். அப்போ ஃப்ரேமைக் கொஞ்சம் சின்னதாக்கி, இடைவெளியை ஃபோம் டேப்பால அடைச்சிடுங்க. வெல்க்ரோ வச்சு ஒட்டினா வீடு மாறும்போது கையோட எடுத்துட்டுப் போகலாம்.

கடைக்குப் போகும் முன்

டிராயிங்குக்கு இங்க்ஸ்கேப், லிப்ரேகேட் ரெண்டும் இலவசம். கடைக்கு டி.எக்ஸ்.எஃப். ஃபைல் கொடுங்க. மி.மீ.னு வரைஞ்சது அங்க இன்ச்னு திறந்தா எல்லாம் 25.4 மடங்கு பெருசாகிடும். அதனால ஓரமா 100 மி.மீ. கோடு ஒண்ணு போட்டு, "இது நூறு காட்டுதாண்ணா?"ன்னு கேளுங்க. ஒரே கோடு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தடவை இருந்தா மெஷின் ரெண்டு தடவை வெட்டும், ஓரம் கருகும்.

அதுக்கும் முன்னாடி, ஏ4 பேப்பர்ல 100 சதவீத அளவுல பிரின்ட் எடுத்து, கத்தரிச்சு, பொருள் மேல வச்சுப் பாருங்க. பெருசா இருந்தா ரெண்டு மூணு பேப்பரை ஒட்டிக்கலாம். தப்பு இருந்தா பேப்பரோட போயிடும்.

டெம்ப்ளேட்டை அடிக்கடி பயன்படுத்தப் போறீங்கன்னா 2 மி.மீ. இரும்புத் தகடு நல்லது. ஷீட் மெட்டல் ஷெட்டுல பெரிய ஆர்டர் ஓடிட்டு இருக்கும், ஒரு துண்டுக்காக நிறுத்த மாட்டாங்க. "மிச்சத் துண்டுல போட்டுக் கொடுங்கண்ணா, அவசரம் இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க. வெட்டின ஓரம் கையைக் கிழிக்கும், அரத்தால ஒரு தேய் தேய்ச்சிடுங்க.

வெட்டவே கூடாதது பி.வி.சி. கிச்சன் கப்போர்டுக்குப் போடுற ஃபோம் போர்டு, ரெக்ஸின் எல்லாம் இதுல அடக்கம். சூட்டுல ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கெடுதல், மெஷினும் துருப்பிடிக்கும். ஆன்லைன்ல விக்கிற சின்ன நீல டயோடு லேசரை ரூம்ல வாங்கி வைக்க நினைச்சா யோசிங்க. கண்ணாடி மாதிரி இருக்கிற அக்ரிலிக்ல அந்த ஒளி ஊடுருவிப் போயிடும், வெட்டாது. தெறிக்கிற ஒளி கண்ணைப் பறிச்சிடும். எந்த லேசரையும் ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போகக் கூடாது, தீ பிடிக்கும்.

மெஷின் நம்ம ரோட்டுலயே இருக்கு

புனே மாவட்டத்துல பாபல்னு ஒரு கிராமம். 1983-ல டாக்டர் கல்பாக் அங்க விக்யான் ஆஷ்ரம்னு ஒரு பள்ளியைத் தொடங்கினார், கையால செஞ்சு கத்துக்கணும்ங்கிறதுதான் அதோட அடிப்படை. அமெரிக்காவோட எம்.ஐ.டி. தன்னோட ஃபேப் லேப் யோசனையை வெளிய கொண்டுபோனப்போ, 2002-ல முதல் இடங்கள்ல ஒண்ணா அமைஞ்சது அந்தக் கிராமம்தான். உள்ளூர் தேவையை உள்ளூர் ஆளே செஞ்சுக்கணும்ங்கிறதுதான் நோக்கம்.

நமக்கு அப்படி யாரும் லேப் கட்டித் தர வேண்டியதில்ல. செங்குன்றத்துல இருந்து காரனோடை, கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஜி.என்.டி. ரோட்டுல காலேஜ் பஸ் போகும்போது ஜன்னல் வழியா பாருங்க, எத்தனை ஷெட், எத்தனை தொழிற்சாலை. நாலு வருஷமா கேட் சாஃப்ட்வேர்ல நூத்துக்கணக்கான பார்ட் வரையறோம். வரைஞ்சதுல ஒண்ணாவது கைக்கு வந்துச்சான்னு கேட்டா பல பேருக்குப் பதில் இல்ல. நாம வரைஞ்ச 6 மி.மீ. துளைக்குள்ள பிட் போகுதா இல்லையான்னு பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் சொல்லிக் கொடுக்கிறதை, எந்த இன்டர்னல் மார்க்கும் சொல்லிக் கொடுக்காது.

இந்த வாரக் கடைசியில வீட்டுக்குப் போறவங்க ஒரு ஸ்கேலும் பென்சிலும் எடுத்துட்டுப் போங்க. பீரோ மேல கவரோட கிடக்கிற கைப்பிடி ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா, முதல் டிராயிங் அதுக்குத்தான்.