கூடியது காலின் பலமா, மீற்றரின் ஆட்டமா?

"போன மாசம் காலுக்கு 14 கிலோ பலம் என்றார்கள், இப்போது 17 என்கிறார்கள். வலி மட்டும் அப்படியே இருக்கிறதே?" என்று கேட்கும் கொட்டகலை அக்காவுக்குத்தான் இந்தப் பத்தி. பிளேன்டீ ஆறினாலும் பரவாயில்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழுந்துத் தராசு உங்களுக்குப் புதிதல்ல. ஒரே சாக்கை இரண்டு தடவை தொங்கவிட்டு இரண்டு நிறை காட்டினால் அதை நம்புவீர்களா? எப்போதும் 2 கிலோ குறைத்தே காட்டும் தராசு வேறு ரகம். அது அநியாயம்தான், ஆனாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லிவிடும். தசைப்பலத்தை அளக்கும் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது இந்த மாறாத்தன்மையைத்தான்.

கையால் அழுத்திப் பார்த்து 0 முதல் 5 வரை புள்ளி போடும் முறையும் உண்டு. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1943இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 4 என்ற ஒரே புள்ளிக்குள் அரைப் பலமும் அடங்கும், முக்கால் பலமும் அடங்கும். அதனால்தான் காலில் வைத்து அது தள்ளும் விசையை அளக்கும், கையில் பிடிக்கும் விசைமானி வந்தது. அதுதான் நீங்கள் சொல்லும் மீற்றர்.

அதிலும் சிக்கல். முழங்காலிலிருந்து 35 சென்ரிமீற்றர் கீழே வைத்தபோது 14 கிலோ காட்டிய கால், 30இல் வைத்தால் 16ஐத் தாண்டும். கால் அதே கால்தான்! முன்தொடைத் தசையோ பலசாலி. பிடிப்பவர் மெலிந்தவரென்றால் மீற்றர் அளப்பது அவருடைய கையைத்தான். பட்டியால் கதிரையோடு இறுக்கி அளந்தால் அந்தத் தொல்லை குறையும். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் தசை முழுதாக இயங்காது என்பது வேறு.

திரும்பத் திரும்ப அளந்தால் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட, ஆய்வுக் கட்டுரைகளில் ஐ.சி.சி. என்றொரு எண் வரும். 0.9ஐத் தாண்டினால் மிக நன்று என்பார்கள். அதை மட்டும் வைத்து நான் எதையும் நம்புவதில்லை. இளவட்டங்களையும் அறுபது வயதுக்காரரையும் ஒன்றாகச் சோதித்தால், ஆளுக்காள் பலம் வித்தியாசப்படுவதாலேயே அந்த எண் ஏறிவிடும். அளவீட்டுப் பிழை எத்தனை கிலோ என்பதுதான் என் கேள்வி. 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 2.77ஆல் பெருக்கினால் ஐந்தரை கிலோ. ஒருவருடைய பலம் அதைவிடக் கூடினால்தான் மாற்றம் உண்மை என்று 95 வீத உறுதியோடு சொல்லலாம்.

அந்தக் கணக்குப்படி உங்கள் 3 கிலோ போதாது. தேறவில்லை என்றும் அர்த்தமில்லை. அடுத்த முறையும் அதே இயன்மருத்துவர், அதே கதிரை என்று கேட்டுப் பாருங்கள். மீற்றர் வைத்த தூரத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மலையால் இறங்கிய கையோடு, களைத்த காலோடு மட்டும் போகாதீர்கள்.