கல்வானில் எழுதப்பட்ட பப்ஜியின் தலையெழுத்து

பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ விளையாட்டைத் திறந்தால், இது நிஜ உலகம் அல்ல, கற்பனைக் களம் என்று ஓர் அறிவிப்பு வரும். பாராசூட்டில் குதிக்கும் அவசரத்தில் பையன்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டின் தலையெழுத்தை எழுதியதே நிஜ உலகம்தான்.

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அந்த மாதமே டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை. செப்டம்பர் 2இல் மேலும் 118; அந்தப் பட்டியலில்தான் பப்ஜி மொபைல் சிக்கியது.

பப்ஜி சீனச் சரக்கா? பிறப்பிடம் தென்கொரியா. மொபைல் பதிப்பை இங்கே வெளியிட்டதுதான் சீனாவின் டென்சென்ட். பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற புகாரும் இருந்தது; 2019இல் பப்ஜி ஆடிய மாணவர்களை ராஜ்கோட் போலீஸ் கைதே செய்திருந்தது. ஆனாலும் 2020 தடை பிள்ளைகளுக்காகப் போட்டதல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைக் கையில் எடுத்த அரசு, பேசியது நாட்டின் பாதுகாப்பையும் பயனர் தரவுகளையும் பற்றி. அம்மாக்களின் வேண்டுதல் பலித்தது தற்செயல்.

தடை வந்த இரண்டாம் நாளே ‘ஃபௌஜி’யை அறிவித்தார் நடிகர் அக்‌ஷய் குமார். 2021 குடியரசு தினத்தன்று வெளியான அந்த விளையாட்டின் களம் கல்வானேதான். தொடக்கத்தில் துப்பாக்கி கிடையாது, கைகலப்பும் தடியடியும்தான். அன்றிரவு அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லையே!

டென்சென்டைக் கழற்றிவிட்ட கொரிய நிறுவனம் கிராஃப்டன், 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற புதுப்பெயரோடு வந்தது. ‘கில்’ என்ற சொல் ‘ஃபினிஷ்’ ஆனது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம்தான். வழக்கு தரவைப் பற்றியது; சமாதானம் சொன்னதோ பெற்றோருக்கும் சேர்த்து.

அதுவும் போதவில்லை. 2022 ஜூலை 28 அன்று மீண்டும் ஒரு 69ஏ உத்தரவால் ஆப் ஸ்டோர்களிலிருந்து பிஜிஎம்ஐ மறைந்தது. 69ஏ உத்தரவுகளை ரகசியமாக வைக்க விதியே இருப்பதால், முழு ஆணையை ஆடுபவர்கள் பார்க்க வழியில்லை. 2023 மே மாதம் திரும்பி வந்தது, மூன்று மாதச் சோதனை அனுமதியோடு. சர்வர் இருக்கும் இடம், தரவுப் பாதுகாப்பு ஆகிய சிக்கல்கள் தீர்ந்தன, இனி விளையாட்டுக்கு அடிமையாவதைக் கண்காணிப்போம் என்றார் அப்போதைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர். எல்லைத் தகராறில் தொடங்கிய வழக்கு, மூன்றாண்டு கழித்து வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.